டோப்ரின் சாகாத ஊர்

கையில் கைத்தடியும் கண்ணில் கண்டிப்புமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கமென்ரெக்கா பழம்படச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர் வெலிச்கா அம்மையார் அவர்களே! கண்டனக் கடிதத்தைக் கருத்தாய் எழுதி, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் செயலாளர் ஓக்னியான் அவர்களே! அலமாரியிலும் மரப்பெட்டியிலும் கட்டிலுக்கு அடியிலும் படங்களைச் சேர்த்து வைத்து, அதற்காகவே வீட்டில் வசவுகளையும் சேர்த்துக்கொண்ட அறுபத்தொரு உறுப்பினர்களே! அந்த வசவுகளை வஞ்சனையில்லாமல் வழங்கிய வாழ்க்கைத் துணைகளே! பூசணிக்காய் அடை சுட்டுவந்து முன்வரிசை முழுவதையும் மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடும் பெரியோர்களே! சோபியாவிலிருந்து ரயிலேறி வந்து, மூன்றாம் வரிசை ஓரத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் ரலிட்சா அவர்களே! உங்கள் அனைவருக்கும், இந்த அரங்கின் கேபினில் முப்பத்திரண்டு ஆண்டுகள் படம் ஓட்டிய ஆபரேட்டர் நெவேனாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கண்டனத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். நான் எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். ஆகையால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

பதினெட்டு ஆண்டுகள். அவையோரே, சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் நாம் ஒரு படத்துக்காகக் காத்திருந்தோம். 'பாலம் கட்டியவன்' என்ற அந்தப் படத்தை அந்தக் காலத்து அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் காட்டவில்லை, கேசட்டில் விடவில்லை. கேட்டவர் யார்? நாம் கேட்டோம். வசந்தம்தோறும் வேண்டுகோள் எழுதியவர் யார்? நாம் எழுதினோம். வேண்டுகோளோடு ஒரு புட்டி அத்திப்பழ ஜாமையும் வைத்து அனுப்பியவர் யார்? அது வெலிச்கா அம்மையார். பதினெட்டுப் புட்டிகள். பதில் ஒரு வரி வராத ஆண்டில்கூட ஜாம் நின்றதில்லை.

வந்தது. வெளிறிக் கிடந்த படம் வெளுத்துத் துவைத்த சட்டையாக, டிஸ்க்கில் வந்தது. பதினொரு நாட்களுக்கு முன் இதே அரங்கில் கூடிப் பார்த்தோம். கைதட்டினோம், சிரித்தோம், பாலத்தின் மேல் நடக்கும் திருமண ஆட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே கால்களால் தாளம் போட்டோம். அதன்பின் என்ன நடந்தது? வெள்ளம் வந்தது. நம் நாயகன் டோப்ரின் ஆற்றில் குதித்து வண்டிக்காரக் குடும்பத்தைக் காப்பாற்றினான். அவனை ஆறு கொண்டுபோனது. சவப்பெட்டி வந்தது. 'முடிவு' என்ற எழுத்தும் வந்தது.

இந்த ஊருக்கு அது புதுச் செய்தி. நமக்குத் தெரிந்த டோப்ரின் சாகாதவன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் பார்த்த படத்தில் முதலில் வெள்ளம், அப்புறம் சவப்பெட்டி, அதற்கும் அப்புறம் டோப்ரின் உயிரோடு வந்து தன் கல்யாணத்தில் ஆடுகிறான். படம் ஆட்டத்தோடு முடிகிறது. இதுதான் கமென்ரெக்கா கண்ட கதை.

மறுநாள் காலையில் ஓக்னியான் என்ன செய்தார்? துக்கம் தாங்காமல் டோப்ரினுக்கு ஒரு மரண அறிவிப்பு அச்சடித்து, கறுப்புக் கரையிட்டு, இந்த அரங்கின் கதவில் ஒட்டிவிட்டார். 'நம் அன்பு டோப்ரின் மறைந்தார். துயரத்தில் கமென்ரெக்கா மக்கள்.' அவ்வளவுதான். படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அடுத்த சில ஆண்டுகளில் இந்த ஊரில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் என்ன பெயர் வைத்தோம் என்பதை அவர் மறந்துவிட்டார். பதினேழு டோப்ரின்கள் இருக்கும் ஊரில் ஒரு டோப்ரின் மறைந்தார் என்று எழுதினால் என்ன ஆகும்? ரொட்டிக்கடைக்காரம்மா கதவைப் பார்த்துவிட்டு, "எந்த டோப்ரின்? போன வாரம்தான கடன் சொல்லிட்டு ரெண்டு ரொட்டி வாங்கிட்டுப் போனான்" என்று உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் பதினேழு வீடுகளுக்கும் பூங்கொத்து வந்து சேர்ந்தது. தண்ணீர் வாரியத்து டோப்ரின் தன் பூங்கொத்தைத் தானே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள். நல்லா இருங்க தம்பி.

சிரித்தோம், சரி. அதன்பின் கோபப்பட்டோம். கோபத்தில் நான்கு பக்கக் கடிதம் பிறந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது? படத்தை மீட்டெடுத்த ரலிட்சா என்பவர் காட்சிகளின் வரிசையை மாற்றினார், நாயகன் திரும்பி வரும் பகுதியை வெட்டினார், ஆகவே நாயகனைக் கொன்றார். கீழே அறுபத்தொரு கையெழுத்துக்கு இடம். எல்லா டிஸ்க்கையும் திருப்பி அனுப்புகிறோம். நகல், படக்காப்பகத்துக்கும் பத்திரிகைகளுக்கும்.

இன்று காலை ரயில் நிலையத்துக்கு கடிதச் செய்தி கேட்டுப் புறப்பட்டு வந்த அந்தப் பெண்ணை அழைத்துவர நான்தான் போனேன். அவர் தன் பெட்டியைக்கூட என்னிடம் தரவில்லை. நடந்துகொண்டே சொன்னார்: "மூணு வருஷம்மா. ஒவ்வொரு ஃபிரேமா தூசி எடுத்தேன், கீறல் எடுத்தேன். ஒரு துண்டுகூட வெட்டல. நான் வெட்டிட்டேன்னு ஒரு ஊரே கையெழுத்துப் போட்டா, அப்புறம் எவன் எங்கிட்ட ஒரு ரீலக் குடுப்பான்?"

அவையோரே, அப்படியானால் வரிசையை மாற்றியது யார் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். அந்தப் பெண் எதையும் வெட்டவில்லை. எதையும் மாற்றவில்லை. மாற்றியவள் நான்.

அமைதி, அமைதி. தலைவர் அவர்களே, கைத்தடியால் மேசையைத் தட்டுங்கள், என்னைத் தட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி மாதம், மதியக் காட்சி. முழங்கால் வரை பனி. அப்போது நமக்கும் பக்கத்து ஊர் ட்ரெனோவாவுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான். அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டுவார்கள். ஓட்டி முடித்த ரீல்களை டப்பாவில் போட்டு ஸ்டோய்மென் தன் மோட்டார் சைக்கிளில் நம்மிடம் கொண்டுவருவார். ஸ்டோய்மென், எழுந்திருக்காதீர்கள், நீங்கள் விழுந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கடைசி இரண்டு ரீல்களோடு வரும்போது, ஆலைத் திருப்பத்தில், அவர் வண்டியோடு பனியில் விழுந்தார். டப்பாக்கள் திறந்துகொண்டன. வழியில் எங்கும் நிற்கவில்லை, ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்று அன்றே என்னிடம் மூன்று முறை சொன்னார். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பொறுக்கி எடுத்தவர் ஆறாம் ரீலை ஐந்தாம் டப்பாவிலும், ஐந்தாம் ரீலை ஆறாம் டப்பாவிலும் போட்டு மூடிக் கொண்டுவந்தார்.

நான் படத்தை முன்னமே பார்த்தவளா? இல்லை. ரீலின் முனையில் எண் இருந்ததா? தேய்ந்து போயிருந்தது. டப்பாவை நம்பினேன். மாட்டினேன். வெள்ளம் வந்தது, சவப்பெட்டி வந்தது, கீழே அரங்கமே அழுதது. திரையில் 'மு' என்ற எழுத்து தோன்றிய அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கையில் இன்னும் ஒரு ரீல் இருக்கிறது, திரையில் படம் முடிகிறது. என்ன செய்வது? உள்ளங்கையால் லென்ஸை மூடினேன். அடுத்த ரீலை ஓட்டினேன்.

இருட்டிலிருந்து டோப்ரின் வந்தான். மணமகனாக வந்தான். கைகோத்து ஆடினான். அவையோரே, அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழுதவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் தொப்பியை வீசினார்கள். ஆறு மாதமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் கட்டிக்கொண்டார்கள். நம் தலைவர், அப்போது இருபத்தோரு வயது வெலிச்கா, நாற்காலி மேல் ஏறி நின்று ஊருக்கே விளக்கம் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும். நம்ம பக்கம் எந்தச் சாவுலயாவது பெட்டிய மூடியா வைப்பாங்க? உள்ள ஆளே இல்லடா."

அன்று நடந்தது பிழை. மறுநாள் நான் செய்தது பிழை அல்ல, அவையோரே. மறுநாள் ரீல்களைச் சரியான வரிசையில் எடுத்து வைத்திருந்தேன். கேபின் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே, பனியில், வரிசை ரொட்டிக்கடை வரை நின்றது. அத்தனை முகத்திலும் ஒரே செய்தி: அவன் திரும்பி வருகிறானாமே. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அவனைச் சாகவிடுவேன்? ரீலை மாற்றி வைத்தேன். தெரிந்தே வைத்தேன். படம் ஓடிய ஒன்பது நாளும் வைத்தேன்.

என்ன தலைவரே? "நாப்பத்தஞ்சு வருஷமா ஏண்டி சொல்லல?" நியாயமான கேள்வி. முதல் வாரம் சொல்ல நினைத்தேன், எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த ஆண்டு நினைத்தேன், ஐந்து டோப்ரின்கள் பிறந்திருந்தார்கள். ஒவ்வொரு டோப்ரினோடும் என் வாய் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. பயந்தேன். அதுதான் உண்மை.

ஆமாம், ட்ரெனோவாக்காரர்கள் சொன்னார்கள். படத்தில் அவன் செத்துப்போனான் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் என்ன சொன்னோம்? "அவனுங்க பஸ்ஸப் பிடிக்க பாதியில எந்திரிச்சுப் போயிருப்பானுங்க" என்றோம். அதற்காக இரண்டு ஊருக்கும் நடந்த கால்பந்தில் மூன்று பேருக்குப் பல் போனது. அவர்கள் சரி, நாம் தவறு. கத்தாதீர்கள். ட்ரெனோவாவிடம் நாம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். சரி, சரி, அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம், இன்றைக்கு ஒரு கசப்பு போதும்.

இப்போது கேளுங்கள். நேற்று மாலை நான் தனியாக உட்கார்ந்து அந்த டிஸ்க்கைப் போட்டேன். கோபம் இல்லாமல், குற்றவாளியாக உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒன்பது நாள் ஓட்டிய அந்த ஆட்டத்தில், நம் பழைய பிரதியில் மழையாய்க் கீறல் விழுந்திருந்த இடத்தில், ஒரு காட்சி இருக்கிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். டோப்ரின் மட்டும் ஒரு கணம் குனிந்து, பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்க்கிறான். தண்ணீர் ஏறியிருக்கிறது. பாலம் கட்டியவனுக்குத் தெரியாதா? தெரிகிறது. தெரிந்தும் நிமிர்கிறான், மணமகளைப் பார்த்துச் சிரிக்கிறான், முன்னைவிட வேகமாக ஆடுகிறான். அந்தப் பார்வையை நான் ஒன்பது நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை. கீறலுக்கு அடியில் கிடந்த அந்த ஒரு பார்வையை மூன்று ஆண்டு தூசி தட்டி நமக்கு எடுத்துக் கொடுத்தவர் யார்? மூன்றாம் வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண். நான் அழுதேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் அழுததே இல்லை.

நாம் எதைக் கேட்டோம்? நம் நினைவைக் கேட்டோம். எது வந்தது? படம் வந்தது. நம் நினைவைவிடப் பெரிய படம் வந்தது. சேகரிப்பாளர்களே, இதற்காகத்தானே காத்திருந்தோம்? இதற்காகத்தானே கட்டிலுக்கு அடியிலும் இடம் ஒதுக்கினோம்? ஏற்கெனவே தெரிந்ததையே பார்க்கவேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டால் போதுமே, கடிதம் எதற்கு, காத்திருப்பு எதற்கு, பதினெட்டுப் புட்டி ஜாம் எதற்கு?

டோப்ரின்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர் பொய்யில் பிறந்ததா? இல்லை. அவன் சாகாததற்காகவா உங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்? அவன் ஆடியதற்காக வைத்தார்கள். சிரித்ததற்காக வைத்தார்கள். அந்த ஆட்டம் முன்னால் வந்தாலும் ஆட்டம்தான், பின்னால் வந்தாலும் ஆட்டம்தான். ஆறு கொண்டுபோனது ஆளைத்தான், ஆட்டத்தை அல்ல.

என்ன ஓக்னியான்? "நாலு பக்கம் எழுதிட்டேனே அக்கா." வீணாகாது தம்பி. தாளின் ஒரு புறம்தானே எழுதியிருக்கிறீர்கள், மறுபுறம் வெறுமையாகத்தானே இருக்கிறது? அடுத்து நமக்கு வேண்டிய நான்கு படங்களின் பெயரை அதில் எழுதுங்கள். யார் கையால் மீட்டெடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

தலைவர் அவர்களே, நான் தவறு செய்தவள். எனக்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் தீர்மானத்தை இப்போதே வாக்குக்கு விடுங்கள். கடிதத்தை அனுப்ப வேண்டும் என்போர் கை தூக்குங்கள். ஒருவருமில்லை. ஸ்டோய்மென், மூக்கைத்தானே சொறிந்தீர்கள்? நல்லது. இந்தப் படத்தை இந்தப் பெண் நமக்கு முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, படக்காப்பகத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்போர்?

எண்ணுங்கள் ஓக்னியான். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. தலைவரே, கைத்தடியைத் தூக்கினாலும் கைதான், சேர்த்துக்கொள்ளலாம். அறுபத்தொன்று. இன்னும் ஒன்று இருக்கிறதா? யார் அது?

ரலிட்சா அவர்களே, நீங்கள் உறுப்பினர் அல்ல. உங்களைப் பற்றிய தீர்மானத்துக்கு நீங்களே கை தூக்கக்கூடாது. தூக்கிவிட்டார், சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார். என்ன சொல்கிறீர்கள் தலைவரே? "அவள முதல்ல சங்கத்துல சேத்துக்கோ, அப்புறம் எண்ணு." சேர்த்தாயிற்று. அறுபத்திரண்டு. மகளே, இனி உன் வீட்டிலும் வசவு விழும், தயாராக இரு. அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்.

என் குற்றத்தைச் செவிமடுத்த செவிகளுக்கும், அதைச் சிரித்து மன்னித்த உள்ளங்களுக்கும், இவ்வளவு நேரம் ஆறவிட்ட அடைகளுக்கும் நன்றி கூறி, அறுபத்திரண்டு பேருக்கும் அவர்களைப் பொறுத்துக்கொள்ளும் வீடுகளுக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன்.