யாரு கையிலயும் திங்கும்னு ஒரு சீட்டு

அது இல்ல சார், துரைங்கிறது நாய் பேரு. என் பேரு ராக்கப்பன். வெளிய சீட்டு எழுதுன அம்மா மாத்தி எழுதிட்டாக. நோயாளி ராக்கப்பன், வயசு நாலு, வளக்குறவரு துரைன்னா இருக்கு? பரவால்ல விடுங்க, எங்க வீட்டுலயும் ஏறக்கொறைய அப்படித்தான் நடக்குது.

நோயா? நோயெல்லாம் ஒண்ணுமில்ல சார். நல்லா ஓடுது, நல்லாக் கொலைக்குது. இப்பக்கூட டிவிஎஸ்ல முன்னாடி நின்னுக்கிட்டு ஆர்.எஸ்.மங்கலம் வர்ற வரைக்கும் போறவன் வாரவன எல்லாம் வஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஊசியும் வேணாம், மாத்திரையும் வேணாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சீட்டு. இந்த நாயி யாரு கையால சோறு வச்சாலும் திங்கும், அது கொணமே அப்படித்தான்னு ரெண்டு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்தீகன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். பன்னண்டு மணி பஸ்ஸுக்குள்ள வேணும்.

சிரிக்காதீக சார். வெளிய யாரும் இல்லீல்ல? அந்த ஆட்டுக்காரம்மா மட்டும்தான. அவுக எங்க ஊரு இல்ல. சரி, சொல்றேன்.

என் சம்சாரம் பேரு சேதுலட்சுமி. பரமக்குடிப் பொண்ணு. நாலு வருசத்துக்கு முன்ன பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வாரப்ப, பஸ்ஸுல சீட்டுக்கு அடியில குட்டியாக் கெடந்துச்சு இது. மடியில போட்டுக் கொண்டாந்துட்டா. அன்னையில இருந்து அவளுக்கு இது பிள்ளை, இதுக்கு அவ சாமி. நானா? நம்ம வீட்டுல தண்ணி மோட்டாரு இருக்குல்ல சார், அந்த மாதிரி. இருக்கும், சத்தம் போடும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக.

பொய் சொல்லல. மொளகாக் காட்டுல இருந்து நான் வந்தா, படுத்த வாக்குலேயே வால ரெண்டு தட்டு தட்டும். வந்துட்டியா, சரி, போ. அம்புட்டுத்தான். அவ வந்தா வாலு மட்டுமா ஆடுது, இடுப்புக்கு அங்கிட்டுப் பூராம் ஆடும். அவ பரமக்குடி போனான்னா அஞ்சே முக்கால் பஸ்ஸுலதான் திரும்புவா. பஸ்ஸு கம்மாக்கரையில திரும்புறதுக்கு முன்னயே இது எந்திரிச்சு ஸ்டாப்புக்குப் போயிரும். அவ வீட்டுல இருக்க அன்னைக்கு அதே பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போனாலும் கண்ணத் தொறக்காது. நான் ஒரு தடவ மதுரைக்குப் போயி நாலு நாளு கழிச்சு வந்தேன் சார். ஸ்டாப்புல எதுத்தாப்லதான் படுத்திருந்துச்சு. பாத்துச்சு. கொட்டாவி விட்டுச்சு.

இப்ப அவ கோவிச்சுக்கிட்டுப் பரமக்குடியிலதான் இருக்கா சார். எங்க சண்டையா? அதுக்கும் இதுதான் காரணம். ஒரு நாளு வேலை முடிஞ்சு வாரேன், அவ கட்டில்ல படுத்திருக்கா, இது கட்டிலுக்கு அடியில மூஞ்சிய வச்சுப் படுத்திருக்கு. பசி எனக்கு. என்னா வெஞ்சனம்னு கேட்டுட்டேன். காலையில இருந்து அவளுக்கு நெருப்பாக் காச்ச அடிச்சிருக்கு சார். எனக்கு எப்படித் தெரியும்? காலையில டீ போட்டுத்தான குடுத்தா. அவ சொல்றா, நான் டீ போடுறப்பயே துரை என் கால நக்கிப் பாத்துட்டு கூடவே சுத்துனான், வாயில்லாத சீவனுக்குத் தெரியிது, இருபத்தாறு வருசமாக் கூட இருக்க மனுசனுக்குத் தெரியலைன்னு. அதோட விட்டிருக்கலாம். நான் ஒண்ணு சொன்னேன். அப்ப அதையே கட்டிருக்க வேண்டியதுதானன்னுட்டேன்.

ஆமா சார், தப்புத்தான். சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு. ஆனா வாய்ல இருந்து போனது போனதுதான.

காச்ச விட்டதும் பையத் தூக்கிட்டா. வாசல்ல நின்னு ஒரு வார்த்தை இருன்னு சொல்லிருந்தா இருந்திருப்பா. நான் என்னா சொன்னேன் தெரியுமா, நீ போ, நானும் துரையும் ராசாவாட்டம் இருப்போம்னேன். இன்னையோட பதினோரு நாளு.

ராசா எங்க சார் இருக்குறது. மொத நாளு அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குப் போயிட்டு வந்து படுத்ததுதான். சோறு திங்கல. ரெண்டாம் நாளு தேவிபட்டினத்து மீன்காரருட்ட சூடை மீன் வாங்கிக் கொழம்பு வச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. கொழம்பு அப்படித்தான் இருந்துச்சு, அது வேற விசயம். மூணாம் நாளு அவளுக்குப் போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு, அவ அலோ அலோங்குறா, நான் பேசவே இல்ல, இதுட்டக் காட்டுறேன். இது போனுக்குப் பின்னாடி போயித் தேடுது. அப்புறம் என்னய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. அவளப் பிடிச்சு உள்ள போட்டதே நாந்தான்ங்கிற மாதிரி.

நாலாம் நாளு தின்னுச்சு. ஒரு பொம்பள வந்து வச்சுச்சு, தின்னுச்சு.

எந்தப் பொம்பளையா? அது... அத அப்புறம் சொல்றேன் சார். சேதுவோட நைட்டியப் போட்டுக்கிட்டு வந்து வச்சுச்சு. பச்சையில பெரிய பெரிய பூப் போட்டது, அடுப்படி ஆணியில தொவைக்காமக் கெடந்தது. அந்த வாசத்துக்கு நாயி தின்னுச்சு.

இங்கனதான் வெனையே. பக்கத்து வீட்டுல பூமயிலுன்னு ஒரு அம்மா. நல்ல அம்மாதான், கண்ணுதான் கூர்மை. முந்தாநேத்து பொழுது சாயுற நேரம் வேலி வழியாப் பாத்துருக்கு. பொறவாசல்ல பச்ச நைட்டி குனிஞ்சு நாய்க்குச் சோறு வைக்கிது, தலையில துண்டு. சேது வந்துட்டாளாக்கும்னு நெனச்சு, சேதுவுக்கே போனப் போட்டு, ஏன்டி வந்தவ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டுருக்கு. சேது பரமக்குடியில உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருக்கா.

அவ வேற என்னமும் கேக்கலையாம் சார். அந்தப் பொம்பளைக்கு என்னா வயசு, என்னா நெறம், எதுவும் கேக்கல. துரை அவ கையில தின்னானான்னு மட்டும் கேட்டாளாம். பூமயிலு, தட்ட நக்கி நக்கித் தின்னான்டின்னு சொல்லிருச்சு.

உடனே எனக்குப் போனு. துரை கண்டவ கையில திங்க மாட்டான், ஒருத்தர ஏத்துக்க அவனுக்கு மாசக் கணக்காகும், அவ கையில திங்கிறான்னா அவ எத்தன மாசமா என் வீட்டுக்கு வந்து போறான்னு கேக்குறா. நாயி சாட்சி சொன்ன மாதிரி ஆயிப்போச்சு. நான் வேற பதட்டத்துல பொம்பளையா, எந்தப் பொம்பள, நம்ம வீட்டுக்கு யாருமே வரலையேன்னுட்டேன். அது அதவிடக் கேவலமாப் போச்சு.

இன்னைக்குப் பன்னண்டு மணி பஸ்ஸுல அவ வாரா. தனியா இல்ல, அவ அண்ணன் உக்கிரபாண்டியக் கூட்டிக்கிட்டு. பேருக்கேத்த மனுசன் சார், எங்க கல்யாணத்துலயே சிரிக்கல. வந்து ஒரு முடிவு தெரிஞ்சுக்கிட்டு, மிச்சச் சீலையும் எடுத்துக்கிட்டு, நாயையும் கூட்டிக்கிட்டுப் போயிருவாளாம். அதான் உங்ககிட்ட ஓடியாந்தேன். இந்த நாயிக்கு மானம் ரோசம் எதுவும் கெடையாது, யாரு கையிலயும் திங்கும்னு டாக்டரு எழுதிக் குடுத்தா மச்சான் என்னா பேச முடியும்?

சோதிச்சுப் பாக்கணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. அந்த பிஸ்கட்டா? குடுங்க சார், உங்க கண்ணாலயே பாத்துட்டு எழுதுங்க. ஏலே துரை, சாரு குடுக்குறாகல்ல, வாங்கு. வாங்குலே. பால் பிஸ்கட்டுடா. ஏலே.

திருப்புறான் பாருங்க மூஞ்சிய. கீழ போடுங்க சார், கீழ போட்டா எடுப்பான். ம்ஹும். கெடுத்தான் காரியத்த. காலையில கஞ்சி ஊத்தாமத்தான் சார் கூட்டியாந்தேன், இதுக்குன்னே பசியோட.

நான் குடுத்துப் பாக்கவா? எதுக்கு, என்கிட்ட... சரி. இந்தா. தின்னுட்டான்.

இல்ல சார், எழுத முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்புடாதீக. நைட்டி வாசம் ஏமாத்திருக்கலாம்ல? பொம்பள யாருன்னே தெரியாட்டியும், நைட்டி எசமானியோடதுன்னா தின்னுரும்ல? அப்படின்னாவது எழுதுங்க. என்னா? நைட்டி வாசம் தனியாத் தெரியுமா. உள்ள இருக்க ஆளு வாசமும் தனியாத் தெரியுமா. ரெண்டும் ஒரே நேரத்துலயா?

அப்ப அந்த நாலாம் நாளே அதுக்குத் தெரியுமா சார்?

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு வாய் தண்ணி குடுங்க. நான் சார், தலையில துண்டப் போட்டு, மீசைய முந்தானையால மூடுற மாதிரி அந்தத் துண்டாலயே மூடி, கொரல வேற மாத்தி, துரைக்கண்ணு, சாப்பிடுறா சாமின்னு அவள மாதிரியே பேசுனேன். அவ நடக்குற மாதிரி நடந்தேன். அம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டேவா பாத்துக்கிட்டு இருந்துச்சு? நாலாம் நாளு ஒரு தும்மல் போட்டுட்டு, என்னய மேல கீழ பாத்துட்டுத்தான் சார் வாய் வச்சுச்சு. பாவம்னு தின்னுருக்கான் இந்தப் பய.

ஆமா சார். அந்தப் பொம்பள நாந்தான். சிரிச்சுக்கங்க, நல்லாச் சிரிச்சுக்கங்க. அவ நைட்டி எனக்கு மொழங்காலுக்குக் கொஞ்சம் கீழதான் வருது. பூமயிலு காலப் பாத்துருந்தா இம்புட்டு வில்லங்கமே இல்ல.

அவகிட்ட இதச் சொல்லிர வேண்டியதுதானன்னு நீங்க லேசாச் சொல்றீக. ராசாவாட்டம் இருப்போம்னு சொன்னவன், நாலாம் நாளு நைட்டியப் போட்டேன்னு உக்கிரபாண்டி முன்னால எப்படிச் சார் சொல்றது? அந்தாளு மொதத் தடவையாச் சிரிப்பாரு. நாய்க்காகத்தான் செஞ்சேன்னு சொன்னா நம்புவாளா?

என்னா சார்? அதான் உங்க கையில வாங்காதவன் என் கையில வாங்குறானே, நைட்டி இல்லாம குடுத்து எத்தனாம் நாளு தின்னான்னா கேக்குறீக?

ஆறாம் நாளு. கைலியோடத்தான் வச்சேன், தட்டக் காலி பண்ணிட்டான். அன்னையில இருந்து நைட்டி இல்லாமலே திங்கிறான்.

பூமயிலு பாத்தது ஒம்பதாம் நாளு, ஆமா. கணக்குச் சரிதான்.

அப்புறம் எதுக்குப் போட்டேன்னா கேக்குறீக. கதவச் செத்த சாத்துங்க சார். மொத மூணு நாளு அவனுக்கு மட்டுமில்ல, எனக்கும் சோறு எறங்கல. எறங்கல சார், தொண்டையிலேயே நிக்கிது. நாலாம் நாளு அதப் போட்டுக்கிட்டு இவனுக்கு வச்சுட்டு, சும்மா பக்கத்துலேயே உக்காந்து நானும் ஒரு வாய் எடுத்தேன். எறங்குச்சு. கழட்டி வச்சுட்டு மறுநாளு தின்னு பாத்தேன், எறங்கல. இவன் பழகிட்டான். நான் இன்னும் அதப் போட்டாத்தான் சாப்பிடுறேன்.

நாய் சீட்டு வேணாம் சார், இத எழுதிக் குடுங்க. என் வாயால சொல்ல வராது. எழுதியிருந்தா அவ படிச்சுக்குவா.