பனி கலையாத கூரை

கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிகளை வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தாலே பயம். நீங்களும் இந்த ஊரில் பிறந்தவர்தான் இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் தாத்தா என் அப்பாவோடு அதே தாமிரச் சுரங்கத்தில் இறங்கியவர். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், போலீஸ் அல்லாத வேறு யாராவது படிக்கக்கூடும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் சூடு கூரை வழியாகக் கசிந்தால் மேலே கிடக்கும் பனி அடியில் உருகும். உருகிய தண்ணீர் சரிந்து விளிம்புக்கு வரும். விளிம்பின் கீழே வீடு கிடையாது, சூடும் கிடையாது. அங்கே அது மறுபடி உறைந்து வரப்பு கட்டிக்கொள்ளும். வரப்புக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து, சுவருக்குள் இறங்கி, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொட்டும். ஆக, கூரை குளிர்ந்து கிடக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இங்கே ஒருவர் குடும்பம் நடத்தும் லட்சணத்தை மற்றவர்கள் அவர் கூரையைப் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். பனி தடித்துச் சமமாக உட்கார்ந்திருந்தால் ஒழுங்கான வீடு. நடுவில் வழுக்கை விழுந்திருந்தால் ஊருக்கே சிரிப்பு. பக்கத்து வீட்டு ஓர்வோ போன வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்:

"ஏண்டா எய்னர், வானத்துக்கே ஹீட்டர் போட்டு விடறியா? ஊர்க் காக்கா பூரா உன் கூரையிலதான் குளிர் காயுது!"

முப்பத்தொரு வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் நான். பனி விஷயத்தில் என்னைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

அந்த வழுக்கை என் அக்கா ஹில்யாவின் அறைக்கு நேர் மேலே இருந்தது. மாடியில், கிழக்குப் பக்கம், சரிந்த கூரையையே உள்முகடாகக் கொண்ட அறை. அப்பா கட்டியபோது பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்க ஒன்றுமே வைக்கவில்லை. அது பிரச்சினையாகவும் இருந்ததில்லை. அக்கா தபால் நிலையத்திலிருந்து வந்து அடுப்படியிலேயே பொழுதைப் போக்கிவிட்டு, தூங்க மட்டும் மேலே போவாள். தூங்குவதற்குக் கம்பளி போதும். போன வருடத்துக்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையையும் காலையும் கொண்டுபோனது, வாயை மட்டும் விட்டுவைத்தது. படுத்த படுக்கையானவளுக்கு இரவு பகல் சூடு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொடுத்தேன். கூரை ஒழுக ஆரம்பித்தது.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நீளக் கம்பில் தட்டு கட்டிப் பனியை இழுத்துத் தள்ளினேன். கோடரியால் வெட்டினேன், ஓடும் சேர்ந்து உடைந்தது. வெந்நீர் ஊற்றினேன், அதுவும் உறைந்தது. பெண்களின் நீளக் காலுறையில் உப்பை நிரப்பி, பனி கரைந்து தண்ணீருக்கு வழிவிட, வரப்பின் குறுக்கே போடுவது இங்கே எல்லாரும் செய்வது. அக்காவிடம்தான் கேட்டேன்.

"எடுத்துக்கோடா. என் காலுக்குத்தான் இனிமே நடையில்லையே, காலுறையாவது கூரை ஏறிப் பாக்கட்டும்," என்றாள்.

போன மார்ச் மாதம் அடுப்படி முகட்டுப் பலகை ஊறிப்போய் விழுந்தது. வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி மரியாதையான மனிதர். இன்னொரு முகடு விழுந்தால் ஆள் குடியிருக்கத் தகாத வீடு என்று சீல் வைக்க வேண்டியிருக்கும் என்றார். கூரை வேலை செய்பவன் அடுத்த வருடம் ஜூலைக்கு முன்னால் ஆள் இல்லை என்றான். அன்று சாயங்காலம் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை முதியோர் இல்லத்துக்கு மட்டும் அனுப்பிடாதடா. இங்கேயே இருந்துட்டுப் போயிடறேன்." அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் கடைசிவரை காப்பாற்றினேன்.

இந்த டிசம்பரில் மறுபடி வரப்பு கட்டியது. புதிதாகப் போட்ட அடுப்படி முகட்டில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. ஏணியில் ஏறி, கோடரியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அறுபத்து மூன்று வயது. சுரங்கம் போனது, மனைவி போனாள், வேலை போனது, இந்த வீடு ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் எங்கே போய் நிற்பேன் என்று தெரியாத பயம் அது. அந்தப் பயம் உங்களுக்கு வரவே கூடாது.

அவள் அறைத் தரையில் வெப்பக் காற்று வரும் இரும்புச் சல்லடை ஒன்று இருக்கிறது. அதை மூட ஒரு சிறிய நெம்பு. பாதி மூடினேன். கூரையில் வழுக்கை சிறுத்தது. முக்கால் மூடினேன். பனி நிற்க ஆரம்பித்தது.

ஜனவரி முதல் செவ்வாய் நர்ஸ் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. "ரூம் சில்லுன்னு இருக்கே," என்றார். "அக்காவுக்கு இப்படித்தான் பிடிக்கும்," என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் இல்லம் என்று அவளுக்குத் தெரியும். நர்ஸ் அடுத்த மாதம்தான் வருவார். அவர் வண்டி தெரு திரும்பியதும் மேலே போய் நெம்பை முழுவதும் மூடினேன்.

கீழே கூடத்தில் படுக்கையைப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். போட்டிருக்கலாம். கூடத்துத் தரையைப் போன கோடையில்தான் இழைத்து மெருகு போட்டிருந்தேன். மேப்பிள் மரம். அவளுடைய நோயாளிக் கட்டிலின் இரும்புச் சக்கரங்கள் அதில் பள்ளம் பதிக்கும்.

அவளை நான் குளிரிலேயே போட்டுவைக்கவும் இல்லை. சனிக்கிழமை தோறும் கொல்லையில் சவுனாவை, அதாவது ஆவிக் குளியல் அறையை, மூட்டினேன். அது தனிக் குடிசை, அதன் கூரையைப் பற்றிக் கவலையில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் மேல்பலகையில் உட்காரவைத்து, அடுப்பில் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றுவேன். ஆவி எழும்போது அவள் அழுவாள். நல்ல சவுனாச் சூடு உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். நான் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன். முடி ஈரமாகவே இருக்கும், துண்டைச் சுற்றி மேலே கொண்டுபோய்ப் படுக்கவைப்பேன்.

"என்னை இங்கேயே விட்டுட்டுப் போயேன், எய்னர்," என்றாள் இரண்டாவது சனிக்கிழமை.

"சவுனாவுல யாராவது குடியிருப்பாங்களாக்கா?"

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "நான் மூச்சு விட்டாக்கூட கூரை ஒழுகுமாடா?"

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். மூச்சும் சூடுதான். ஆனால் ஒரு ஆளின் மூச்சுக்கு அவ்வளவு பனி உருகாது.

அதற்கடுத்த வாரம் அவள் தலைமாட்டில் இருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் உறைந்து டம்ளர் வெடித்திருந்தது. எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். கண்ணாடியைப் பொறுக்கிவிட்டு, மறுநாளிலிருந்து பிளாஸ்கில் தண்ணீர் வைத்தேன். இன்னும் இரண்டு கம்பளி போட்டேன். கனமாக இருக்கிறது, மார்பு வலிக்கிறது என்றாள். ஒன்றை எடுத்துவிட்டேன்.

அதற்கும் அடுத்த வாரம் வியாழக்கிழமை ஓர்வோ வேலியோரம் நின்று கூரையை நெடுநேரம் பார்த்தான். முழங்கால் உயரப் பனி, ஒரு சுருக்கமில்லாமல்.

"அட, இப்பதாண்டா பாக்கற மாதிரி இருக்கு உன் கூரை. என்ன பண்ணே?"

"ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சு அடைச்சேன்," என்றேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கஞ்சி கொண்டுபோனேன். அக்கா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து கிடந்தாள். நல்ல கை கட்டிலுக்கு வெளியே, தரைச் சல்லடைக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நெம்பைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். எட்டவில்லை. கையைத் தூக்கிக் கம்பளிக்குள் வைக்கப் பார்த்தேன், மடங்கவில்லை.

சனிக்கிழமைவரை ஏன் போன் செய்யவில்லை என்கிறீர்கள். அறை அப்படி இருக்கும்போது ஆட்களை உள்ளே விட முடியாது. நெம்பை முழுவதும் திறந்தேன். ஹீட்டரை அதன் உச்சிக்கு ஏற்றினேன். அவள் கதகதப்பாகத்தான் இருந்தாள் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும், அதுதான் என் எண்ணம். நாள் முழுக்கச் சூடு போனது. சனிக்கிழமை காலை பார்த்தால் முகட்டுப் பலகை ஈரமாகி, அவள் போர்வையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கால்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வாளியை வைத்தேன். பிறகுதான் போன் செய்தேன்.

நீங்கள் வந்து இறங்கியதும் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். தெருவில் எல்லார் கூரையிலும் பனி அப்படியே இருக்க, அவள் அறைக்கு மேல் மட்டும் புதிதாகச் சரிந்து, விளிம்பில் ஈரம் காயாத பனிக்கட்டி தொங்கியது. நேற்றுதான் சூடு போட்டிருக்கிறான் என்று இந்த ஊரில் பிறந்த யாருக்கும் புரியும்.

மூடியது நான்தான். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தே மூடினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வாளியைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். மூன்றரை வாரம் ஒரு சொட்டு இல்லை. ஒரே ஒரு நாள் சூடு விட்டேன், முக்கால் வாளி. அக்கா மட்டும் இருந்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவளிடம் காட்டியிருப்பேன். நான் செய்தது சரிதான் என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.