டெல்மர் கிரிம்ஸின் படகில் எந்தப் பழுதும் இல்லை

காபிக்கு நன்றி, ரென்ஃப்ரோ அம்மா. குறையாகச் சொல்லவில்லை, உங்கள் காபி இயந்திரத்துக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. வினிகரும் தண்ணீரும் கலந்து ஒரு முறை ஓடவிடுங்கள், பிறகு வெறும் தண்ணீர். ஷெரிஃப் ஆபீஸில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்பீர்கள். நேரம் எல்லோருக்கும் இருக்கிறது. மனம்தான் வருவதில்லை.

நான் வந்தது டெல்மர் கிரிம்ஸ் விஷயமாக. போன மாதம் சிப்லி ஏரியில் படகு மூழ்கி இறந்துபோனானே, அவன். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் பொரித்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏரிக் காவலர் எழுந்து நின்று எங்களுக்குப் புத்தி சொன்னார்.

"படக ஒழுங்கா வச்சுக்கலேன்னா இதான் கதி. டெல்மர் படகுல ஒண்ணுகூட வேல செய்யல. ஒண்ணுகூட."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டது நான். எங்கள் மீன்பிடி கிளப்பில் பாதிப் பேரின் படகு மோட்டாரும், தூண்டில் நூல் சுற்றும் ரீலும் என் கொட்டகைக்குத்தான் வரும். காசு வாங்குவதில்லை, ஆசைக்குச் செய்வது. மறுநாளே ஹோமர் விக்கின்ஸ் வந்து, "அவசரமா வேணும் லோவெல்" என்று சொல்லிப் பாதியில் பிரித்துக் கிடந்த மோட்டாரை அப்படியே அள்ளிக்கொண்டு போனான். பிறகு மற்றவர்கள். இப்போது கொட்டகை காலியாகக் கிடக்கிறது. அலபாமாவின் இந்த மூலையில் எனக்கு இருப்பது ஒரே ஒரு சொத்து. லோவெல் டிரிகர்ஸ் கைபட்ட பொருள் ஏமாற்றாது என்ற பெயர். அதைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்.

டெல்மரும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். நல்லவன். வாய்விட்டுச் சிரிப்பான், கையில் இருப்பதை யாருக்கும் கொடுப்பான். ஆனால் ஒரு பொருளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவனுக்குக் கடவுள் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏரியிலிருந்து வந்தால் படகைக் கழுவ மாட்டான். ஈரச் சட்டையையும், தின்று மிச்சம் வைத்த பிஸ்கட்டையும், கொக்கி மாட்டிய ரப்பர் புழுவையும் ஒரே பெட்டிக்குள் திணித்து மூடுவான். ஒரு முறை மோட்டாரின் தண்டுக்கு கிரீஸ் போடச் சொன்னேன். காலையில் பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பை டப்பாவிலிருந்து வழித்துத் தடவிவிட்டு வந்தான். வழியெல்லாம் படகிலிருந்து சிற்றுண்டி வாசனை வந்தது. அன்றைக்கு கிளப்பின் மீன்பிடிப் போட்டியில் ஜெயித்ததும் அவன்தான்.

அதைத்தான் உங்களால் புரிந்துகொள்ள முடியுமா என்று தெரியவில்லை. அவன் எப்போதும் ஜெயித்தான். நான் கயாக்கில் போகிறவன், ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான படகு. என் கயாக்கின் அடிப்பகுதியில் முகம் பார்க்கலாம். என் ரீல்கள் குழந்தை மூச்சுவிடுவதைப் போலச் சுற்றும். நூலை மாதம் ஒரு முறை மாற்றுவேன், கொக்கியை நகத்தில் வைத்துக் கூர் பார்ப்பேன். எனக்கு மாட்டுவது ஒரு சாண்கூட இல்லாத பாஸ் மீன்கள். துருப்பிடித்த கொக்கியும் முடிச்சு விழுந்த நூலும் வைத்துக்கொண்டு அவன் பன்றிக்குட்டி மாதிரி மீன்களைத் தூக்குவான். கிளப் விருந்தில் கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொல்வான்.

"லோவெல் படகக் கழுவி முடிக்கறதுக்குள்ள நான் மீனப் புடிச்சு, அளந்து, தண்ணில விட்டுட்டு, வீட்டுக்குப் போயி ஒரு தூக்கமும் போட்ருவேன்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பொறாமை என்று எழுதாதீர்கள் அம்மா. கோப்பை எனக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கோப்பைகள் அவன் வீட்டில் எப்படி இருந்தன என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றில் பல்பு, ஒன்றில் நாய்க்கு வைக்கும் தீனி. வெள்ளி முலாம் கறுத்துக் கிடந்தது. அவற்றையும் நான்தான் துடைத்துக் கொடுத்தேன்.

போன இலையுதிர் காலத்தில் என் ரீல் ஒன்றைக் கடன் கேட்டான். கொடுத்தேன். திரும்பி வந்தபோது பிரித்துப் பார்த்தால் பல்சக்கரங்களுக்கு நடுவே சோளமாவு. கரையில் மீன் பொரித்துக்கொண்டே, மாவுக் கையோடு தூண்டில் வீசியிருக்கிறான்.

"இது என்ன டெல்மர்?" என்றேன்.

வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "சுத்துதுல்ல? அப்புறம் என்னடா?"

அவ்வளவுதான். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆள் நான் இல்லை. சுற்றுகிறது என்பதற்குப் பின்னால் யாரோ ஒருவன் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவனுக்கு யாராவது புரியவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதைத் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு முறை காட்ட வேண்டும். தகப்பன் பிள்ளைக்குச் செய்வதில்லையா?

குளிர்காலத்தில் அவன் படகு வழக்கம்போல என் கொட்டகைக்கு வந்தது. சின்ன அலுமினியப் படகு, உங்களுக்குத் தெரியும். அதன் தரைக்கு அடியில் வெள்ளை நுரைக் கட்டிகள் அடைத்திருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் படகு அடியில் போய்விடாமல் தாங்குவது அவைதான். டெல்மரின் படகில் அவை தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருந்தன. ஊறிய கட்டியால் ஒரு பயனும் இல்லை, எடுத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். புதியது வேண்டும் என்று அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. எடுத்தது அவனுக்குத் தெரியாது என்பதும் உண்மைதான்.

அடுத்து, தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கிற குட்டி பம்பு. அதன் கம்பி முனையில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு ஏறியிருந்தது. கழற்றி, எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்துவிட்டேன். திரும்ப மாட்டவில்லை. மிதவைச் சட்டையும் அப்படியே. கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் வாயுக் குப்பி உடைந்து சட்டை ஊதிக்கொள்ளும். குப்பியை எடுத்து எடை பார்த்தேன். சரியாக இருந்தது. மேசையில் வைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏரிக் காவலர் சொன்ன "ஒண்ணுகூட வேல செய்யல" இதுதான். நீங்களே சொல்லுங்கள், இது பராமரிக்காத படகா? ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் முட்டை வைக்கும் முன் பாஸ் மீன்கள் கொழுத்து அலையும். தண்ணீர் மட்டும் கையை வைத்தால் எலும்புவரை குத்தும். அன்று காலை துறையில் நாங்கள் இருவரும், ஹோமரும்தான். துறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், கரையேற்றியபின் தண்ணீர் வடிய. இறக்குமுன் அதைத் திருகுதக்கையால் அடைக்க வேண்டும். மறந்தால் ஆள் காலி. அதனால் காலை வணக்கத்துக்குப் பதில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். பேச்சுவார்த்தை இல்லாதவன்கூடக் கேட்பான்.

ஹோமர் லாரி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தான். "டெல்மர், தக்க போட்டியா?"

"லோவெல் இருக்கப்போ எனக்கென்னய்யா கவல?" என்று சொல்லிவிட்டு டெல்மர் என் பக்கம் திரும்பினான். "டேய், போட்டாச்சாடா?"

"போட்டாச்சு" என்றேன்.

இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். தக்கை என் சட்டைப்பையில் இருந்தது. ஹோமருக்கு அதில் குற்றவுணர்வு எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

படகு வேகமாக ஓடும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறாது. நின்ற பிறகுதான் ஏறும். டெல்மர் பாறைச்சுவர் பக்கம் போய் நிறுத்தி, முன்னால் நின்று வீச ஆரம்பித்தான். நான் கயாக்கைத் துழாவிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் தூண்டில் வில்லாக வளைந்திருந்தது.

"லோவெலு, சீக்கிரம் வாடா! என் வாழ்க்கையில இப்படி ஒண்ணு மாட்டுனதில்லடா!"

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்ததால் பின்னால் தண்ணீர் ஏறுவது அவனுக்குத் தெரியவில்லை. மீனைத் தூக்கி எனக்குக் காட்டினான். உண்மையிலேயே பெரியது. மகிழ்ச்சியில் அவன் முகம் சிவந்திருந்தது. நல்ல மீன் என்று சொன்னேன். பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான்.

"தண்ணி ஏறுதுடா." பாய்ந்துபோய் பம்பின் பொத்தானைத் தட்டினான். மறுபடி தட்டினான். "ஓட மாட்டேங்குதே?"

"ஓடாது" என்றேன். "கம்பிய நான் கழட்டி வச்சிருக்கேன்."

கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். அவன் மிதவைச் சட்டையின் கயிற்றை இழுத்தான், ஊதவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவன் மாதிரி பார்த்தான். "டேய், விளையாடாதடா" என்றான். அதற்குள் படகு பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

ஏன் கை கொடுக்கவில்லை என்கிறீர்கள். நான் அப்போது புதிய கொக்கிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சை எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் நூல் சூடேறி அங்கேயே பலவீனமாகிவிடும். பாதியில் விட்ட வேலையை நான் மன்னிப்பதில்லை. முடித்து நிமிர்ந்தபோது அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். மிதந்த தூண்டில்கள் இரண்டையும் எடுத்து வந்து, நல்ல தண்ணீரில் கழுவி, ரீல்களைப் பிரித்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்தும் ஒரு மாதமாக ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பீர்கள். சும்மா இருந்திருப்பேன். விபத்து என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்று மத்தியானம் டெல்மரின் மனைவி வெர்லின் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பீச் பழ இனிப்பு. உட்காரக்கூட இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"லோவெல், ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. நீ மனசப் போட்டு வருத்திக்காத. மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும். ஏதோ ஒண்ண நீ கவனிக்காம விட்டுட்ட. அதுக்காக உன்மேல எனக்கு ஒரு துளிகூடக் கோவம் கிடையாது. டெல்மரும் கோவப்பட்டிருக்க மாட்டாரு."

அழுதாள். என்னை மன்னித்துவிட்டுப் போனாள். கவனிக்காமல் விட்டுவிட்டேனாம். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, ரென்ஃப்ரோ அம்மா. அந்த இனிப்பை என்னால் தொடவே முடியவில்லை.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பம்பு நன்றாக ஓடும். சட்டை நன்றாக ஊதும். தக்கையின் ரப்பரில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. டெல்மர் கிரிம்ஸ் பழுதான படகால் சாகவில்லை. நான்தான் அவனைக் கொன்றேன், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு உதவி. வெர்லினிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் எதையும் கவனிக்காமல் விடவில்லை என்று தெரிந்தால் பாவம், அவளுக்கும் மனம் ஆறும்.