இன்ஜின் உறை கிழிக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது பற்றி

என் பெயர் நஸ்ருன்னிசா. வயது 46. கணவர் பெயர் ஷாஹுல் ஹமீது. ஆழ்வார்பேட்டை, கொல்லன் சந்து, பழைய எண் 11, புதிய எண் 24 என்ற விலாசத்தில் குடியிருந்து, அதே கட்டடத்தின் முன் அறையில் உறை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர், கார், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு உறை தைப்பேன். மயிலாப்பூரில் உள்ள வித்வான்கள் பலருடைய மிருதங்கத்துக்கும் வீணைக்கும் என் கை உறைதான். என் தையலை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இங்கே சொல்ல வந்தது என் தையலுக்கு ஆன கதியைப் பற்றி.

ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த பிரபாகர் என்பவர் புதிதாக ஒரு படகு இன்ஜின் வாங்கியிருந்தார். படகின் பின்பக்கத்தில் மாட்டித் தண்ணீரில் இறக்கும் வகை இன்ஜின் அது. பொங்கல் கழிந்து அவர் என் கடைக்கு வந்து, உப்புக்காற்றிலும் வெயிலிலும் இன்ஜினின் மேல்மூடி வெளுத்துப் போகிறது, காக்கை எச்சம் வேறு, அதற்கு ஓர் உறை வேண்டும் என்று கேட்டார். அப்போது கடையில் தொங்கிய மிருதங்க உறை ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போர்வைத் துணி வைத்த இதே மாதிரி மெத்துமெத்தென்று வேண்டும், யாரும் இன்ஜினைக் கழற்றிப் போகாதபடி அடியில் பூட்டும் வேண்டும் என்றார். நானும் லாரி தார்ப்பாயில் இரண்டு பாதி வெட்டி, முதுகுப் பக்கம் இரட்டைத் தையல் போட்டு இணைத்து, உள்ளே போர்வைத் துணி கொடுத்து, அடியில் பித்தளை வளையங்களில் கயிறு கோத்து, சின்னப் பூட்டு ஒன்றும் மாட்டித் தைத்தேன். மிருதங்கம் சூடாகாது, அதன் வயிற்றில் பெட்ரோலும் கிடையாது என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு உறையை மாட்டிப் பார்க்க நான் குப்பத்துக்குப் போனேன். பிரபாகரின் படகுக்குப் பக்கத்துப் படகு ஆரோக்கியராஜ் என்பவருடையது. அவருடைய மனைவி ஏஞ்சல், மீன் விற்பவர், அங்கே தன் வீட்டு இன்ஜினுக்குக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் உறையைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாக்கா இது, இன்ஜினுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கினு கீற?" என்று கேட்டார்.

பிரபாகர், "வெயில்ல மூடி வெடிச்சா நீ வாங்கித் தருவியாக்கா?" என்றார்.

"மூட வேணான்னு யார் சொன்னா? கடல்லேர்ந்து சூடா வந்தத அப்டியே மூடி வெச்சா உள்ள வேர்த்துக்கினு கீது. உப்பு எங்க போவும், உள்ளயேதான் நிக்கும். நல்ல தண்ணி ஊத்து, ஆற வுடு, தொடைச்சிட்டு மூடு. பெட்ரோல் பைப்ப புடுங்கி வெய்யி. பூட்டு எதுக்கு? அவசரத்துக்கு சாவியத் தேடிக்கினு இருப்பியா?"

பிரபாகர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஏஞ்சலுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒருநாள் இல்ல ஒருநாள் நானே இத கிழிச்சிட்றேன் பாரு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். எனக்கும் கோபம்தான். நான், "கிழிக்கிறதா இருந்தா தையல் மேல கிழிம்மா, துணியில கை வெக்காத. தையல்னா அரை மணில திருப்பி போட்ருவேன்" என்று எகத்தாளமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் இப்போது ஏஞ்சல் மேல் புகார்.

நேற்று வெள்ளிக்கிழமை நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. இன்று காலை இந்தப் போலீஸ் நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. சேதமான உறை நான் தைத்ததுதானா என்று அடையாளம் சொல்லக் கூப்பிட்டார்கள். வந்தபோது பிரபாகர் தன் புகாரை எனக்கும் சொன்னார். குப்பத்தில் தேசம்மா என்ற வயதான மீன்காரம்மா இறந்துவிட்டதால் ஆண்கள் எல்லோரும் நேற்று மாலை அவருடைய ஊர்வலத்தோடு சுடுகாட்டுக்குப் போனதாகவும், திரும்பி வந்து பார்த்தபோது உறை இரண்டாகக் கிழிந்து ஈர மணலில் கிடந்ததாகவும், பெட்ரோல் பைப் பிடுங்கப்பட்டு, படகில் தனியாக இருக்கும் டேங்க் தூரத்தில் எறியப்பட்டிருந்ததாகவும், ஏஞ்சல் மீன் வெட்டும் கத்தியோடு அங்கே நின்றதாகவும், நேற்று இழுத்துப் பார்த்தபோது இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றும் சொன்னார். நீதான் கிழித்தாயா என்று கேட்டதற்கு "ஆமா" என்று மட்டும் சொல்லி, அதற்கு மேல் ஏஞ்சல் வாயைத் திறக்கவில்லையாம். முன்விரோதம், கத்தி, ஒப்புதல் என்று எல்லாம் இருப்பதால் வழக்குப் போட்டு இன்றே கோர்ட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. ஏஞ்சல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. மீன் கத்தி பட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அஸ்வினி மேடம் உறையை என்னிடம் கொடுத்தார்கள். நான் மேஜையில் விரித்துப் பார்த்தேன். ஆத்திரத்தில் கத்தி போட்டால் துணி குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்திருக்கும். இது அடியிலிருந்து உச்சி வரை என் முதுகுத் தையல் மேலேயே வந்திருந்தது. நூல் மட்டும் துண்டு துண்டாக அறுந்திருந்தது. ஊசி போட்ட ஓட்டைகள் இரண்டு பக்கமும் வரிசை கலையாமல் இருந்தன. பத்து வருஷம் என்னிடம் வேலை பார்த்த ஆளிடம் கொடுத்தால்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க மாட்டார். ஓர் இடத்தில் மட்டும், விரல் நகம் அளவுக்குக் கத்தி துணியில் இறங்கியிருந்தது. அந்த இடம் கருகியிருந்தது. உள்ளே திருப்பிப் பார்த்தால் போர்வைத் துணியில் பாதி இல்லை. மீதியின் விளிம்பு பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. அடியில் கயிறு போகும் மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெடிமருந்து வாசனை.

உறையைக் கையில் வைத்துக்கொண்டே ஏஞ்சலிடம் போய், "இது தீப்புடிச்சுதா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "அக்கா, துணி எவ்ளோ ஆச்சுன்னு சொல்லு, தந்துட்றேன். வேற எதுவும் பேசாத" என்றார். நான் விடவில்லை. அப்போது மெதுவாக, "இன்னிக்குத்தான் பால் தெளிக்கப் போயிருக்காங்க. அந்த வூட்டுக்கு இப்ப போலீசு போவணுமா? நான் எதுனா சொல்லிக்கிறேன், நீ போ" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர்வலத்தில் கொளுத்திய சரவெடியின் பொறி பட்டிருக்கிறது. வெடி கொளுத்தியவர் பெயரைச் சொன்னால் துக்க வீட்டின் மேல் வழக்குப் போகும். அதற்குப் பதிலாகத் தான் கோர்ட்டுக்குப் போவதென்று அந்த அம்மாள் முடிவு செய்திருந்தார். அவருக்கும் தேசம்மாவுக்கும் சொந்தம் கிடையாது. ஒரே மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைத்து விற்றவர்கள், அவ்வளவுதான்.

அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, தேசம்மாவின் தம்பி மாசிலாமணி நிலையத்துக்குள் வந்தார். சுடுகாட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் காலியான பால் சொம்பு இருந்தது. ஏஞ்சலைப் பிடித்து வைத்திருப்பதாக அங்கேதான் கேள்விப்பட்டாராம். "கடைசி சரம் நான் கொளுத்தினதும்மா. துள்ளிக்கினு படகாண்ட போச்சு. அக்கா போன துக்கத்துல திரும்பிப் பாக்கல. என் பேர எழுதிக்கோங்க, ஏஞ்சல வுடுங்க" என்று மேடத்திடம் சொன்னார். ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டார். இங்கே நான் சொன்னதையெல்லாம் மாசிலாமணியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் ஏஞ்சல் வாயைத் திறந்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் ஊர்வலத்தோடு போவார்கள் என்பதால் அவர் படகுகள் பக்கமாகத் திரும்பி வந்ததாகவும், உறைக்கு அடியிலிருந்து நூல் போலப் புகை வந்ததைப் பார்த்ததாகவும், பூட்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை, சாவி பிரபாகரின் இடுப்பில் சுடுகாட்டுக்குப் போயிருந்தது என்றும் சொன்னார். முதலில் பைப்பைப் பிடுங்கி டேங்கைத் தூர எறிந்துவிட்டு, கத்தி எடுத்து வந்து தையலைப் பிரித்து, எரிந்துகொண்டிருந்த போர்வைத் துணியை இரண்டு கையாலும் இழுத்து ஈர மணலில் புதைத்திருக்கிறார். டேங்க் பிடித்திருந்தால் வரிசையில் நின்ற படகு அத்தனையும், நைலான் வலைகளோடு போயிருக்கும்.

அவ்வளவு அவசரத்தில் ஏன் தையலாகப் பார்த்துப் பிரித்தாய் என்று கேட்டேன். "நீதானக்கா சொன்ன, துணியில கை வெக்காதன்னு" என்றார்.

எத்தனையோ பேர் என் தையலைப் பாராட்டியிருக்கிறார்கள். கச்சேரி மேடையிலேயே பெயர் சொன்னவர்கள் உண்டு. இந்த மாதிரி ஒரு மரியாதை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று மேடம் சொன்னார்கள். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

பிரபாகர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்தார். ஏஞ்சலால் கப்பைப் பிடிக்க முடியவில்லை. அவரே ஊதி ஊதி, ஏஞ்சல் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். "இன்ஜின் ஓடுதா பாத்தியா?" என்று ஏஞ்சல் கேட்டார். "காலைல பைப்ப மாட்டி இழுத்த உடனே ஸ்டார்ட் ஆச்சுக்கா, நான்தான் நேத்து பைப்பே மாட்டாம இழுத்துட்டு ஒடைஞ்சிருச்சின்னு புகார் குடுத்தேன்" என்றார்.

இன்ஜினுக்கு உறை போடலாமா கூடாதா என்று மேடம் என்னைக் கேட்டார்கள். போடலாம். நான் அந்தத் தொழில்தானே செய்கிறேன். ஆனால் ஏஞ்சல் சொன்னபடி கழுவி, ஆறவிட்டு, துடைத்த பிறகு போட வேண்டும். இனி நான் தைப்பது அடியில் திறந்திருக்கும், பக்கத்தில் காற்றுப் போக வலை இருக்கும், போர்வைத் துணி இருக்காது, பூட்டு இருக்காது. முதுகுத் தையலை அரிசி மூட்டை வாய்க்குப் போடுவதுபோல் போடுவேன். நுனியைப் பிடித்து ஒரே இழு இழுத்தால் முழுதும் பிரிந்து வந்துவிடும். கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடம் தவிர எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. "ஏஞ்சல் என்பவர் உறையைக் கத்தியால் கிழித்தார்" என்று புகாரில் இருந்ததைப் பார்த்து இதிலும் எழுதியிருந்தார்கள். அது தவறு என்றேன். இரண்டும் ஒன்றுதானே அம்மா என்று மேடம் கேட்டார்கள். ஒன்றில்லை என்றேன். கிழித்தால் துணி போய்விடும். பிரித்தால் திரும்பத் தைக்கலாம். கிழிப்பேன் என்று வாயால் சொன்னவர், கை வெந்துகொண்டிருக்கும்போது பிரித்திருக்கிறார். மேடம் "கிழித்தார்" என்பதை அடித்துவிட்டு "பிரித்தார்" என்று எழுதினார்கள். திருத்தத்துக்குப் பக்கத்தில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் பார்த்ததும் கேட்டதும். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. அந்த உறையைத் திரும்பத் தைப்பதற்காக என்னிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) நஸ்ருன்னிசா

என் முன்னிலையில் பதிவு செய்து, படித்துக் காட்டி, ஒரு சொல் திருத்தப்பட்டது.
(ஒப்பம்) அஸ்வினி, உதவி ஆய்வாளர்