ஞானத்தகப்பனுக்குக் காந்தல்

துவரைச் சோத்துல உசிரே அந்தக் காந்தல்தான், ஆபீசரம்மா. சட்டி அடியில பொன்னிறமாப் பிடிக்கும் பாருங்க, அதைச் சொல்றேன். அது பிடிக்கணும்னா பொறுமை வேணும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவனுக்கு அது கைகூடாது. முப்பத்தொரு வருஷமா இந்த மலை ரோட்டுல சாப்பாட்டுக்கடை வெச்சிருக்கேன். எலிகியோ கடைக் காந்தல்னா போன்சே டவுன்லருந்து கார் போட்டுக்கிட்டு வருவாங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, என்னை மாட்டிவிட்டதும் அந்தக் காந்தல்தான். நாய்ங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆரம்பத்துலருந்து சொல்லச் சொன்னீங்க, சொல்றேன்.

புயலுக்கு அப்புறம் பாதி ஊர் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பிப் போச்சு. பெட்டி படுக்கையை எடுத்தாங்க, டிவியை எடுத்தாங்க, நாயை மட்டும் விட்டுட்டுப் போனாங்க. அதுங்களைப் பொறுக்கிச் சேர்த்தவ மிக்தாலியா. தபால் ஆபீஸ்ல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவ, தனிக்கட்டை. மேட்டுல பழைய புகையிலைக் கொட்டகை ஒண்ணு இருக்கே, அதுல நாப்பத்தொரு நாயை வெச்சுக் காப்பாத்தினா. அப்பத்தான் நகராட்சியிலருந்து காகிதம் வந்துச்சு. டிசம்பருக்குள்ள கூரை மாத்தணும், வேலி போடணும், எல்லா நாய்க்கும் தடுப்பூசி போடணும். இல்லேன்னா நாய்ங்களை எல்லாம் நகராட்சிக் கொட்டடிக்குக் கொண்டுபோயிருவாங்க. அங்க அஞ்சு நாள்தான் தவணை. அதுக்குள்ள யாரும் கேட்டு வரலேன்னா ஊசி போட்டுருவாங்க.

காகிதத்தை எடுத்துக்கிட்டு என் கடைக்குத்தான் வந்தா. அழல. அவ அழற ஆள் இல்ல. எப்பவும் மரியாதையா 'தோன்'னுதான் என்னைக் கூப்பிடுவா. "தோன் எலிகியோ, நாப்பத்தொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கேங்க. ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அந்த வண்டியில ஏத்த என்னால ஆகாது"ன்னா. அடுப்பை அப்படியே விட்டுட்டு அவ பக்கத்துல போய் உட்கார்ந்தேன். கல்நெஞ்சக்காரன்னு பேப்பர்ல போட்டிருக்கான், அது அபாண்டம்.

மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மத்தியான விருந்து, வர்றதுல பாதி கொட்டகைக்குன்னு நான்தான் சொன்னேன். மாசம் ஒரு நாயைக் கழுத்துல நாடா கட்டி வாசல்ல உட்கார வைக்கிறது. அதைச் சுவரொட்டியில படம் போட்டு ஊர் முழுக்க ஒட்டுறது. அதை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வளர்க்கிறேன்னு எந்திரிக்கிறவருக்கு நாயோட ஞானத்தகப்பன்னு பட்டம். எல்லாரும் கைதட்டுவாங்க, நான் சட்டியைச் சுரண்டி முழுக் காந்தலையும் அவர் தட்டுல வைப்பேன். அந்த யோசனையும் என்னோடதுதான். இன்னிக்கும் எனக்கு அதுல பெருமை உண்டு.

ஏப்ரல்ல முதல் விருந்து. மோர்சீயான்னு ஒரு கறுப்பு நாய். லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான், முன்னங்கால்ல பெரிய கட்டு. வாசல்ல படுத்துக்கிட்டு உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் நிமிர்ந்து பார்த்துச்சு. கடை கொள்ளாத கூட்டம். முடிவெட்டுற ருஃபோ இருக்கானே, ஊர் வாயெல்லாம் அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு, அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "யோவ் எலிகியோ, இந்தச் சனியன் பார்க்கிற பார்வையில தொண்டைக்குள்ள சோறு இறங்க மாட்டேங்குதுய்யா"ன்னு சொல்லிச் சொல்லியே மூணு தட்டு சாப்பிட்டான். கடைசியில ஞானத்தகப்பனும் அவன்தான்.

மே மாசம் சுல்தான் வந்தான். மஞ்சள் நிறம், கொழுகொழுன்னு இருப்பான். மிக்தாலியாவோட செல்லம், அவ கால்மாட்டுலயே தூங்குறவன். வந்தவங்க போனவங்க எல்லார் மேலயும் தாவி மூஞ்சியை நக்கினான். சுவரொட்டியிலயும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தான். பாதி மேசை காலி. ருஃபோ ஒரு தட்டோட எந்திரிச்சுட்டான். "இவனுக்கு எதுக்குய்யா நன்கொடை? என்னைவிட நல்லா இருக்கான். இவன்தான் எனக்குச் சோறு போடணும்"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஞானத்தகப்பன்னு ஒருத்தரும் எந்திரிக்கல, காந்தல் சட்டியிலயே ஆறிப்போச்சு.

மிக்தாலியா படியில உட்கார்ந்து, "டிசம்பர் வந்துரும்"னு மட்டும் சொன்னா. "சுல்தான் இங்கயே கிடக்கட்டும், கடைக்குக் காவலா வெச்சுக்கிறேன்"னு சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தா. போறப்ப அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னென்னமோ பேசிட்டுப் போனா.

நான் சமையல்காரன். சனங்களுக்கு எது ருசிக்கும்னு கண்டுபிடிக்கிறது என் தொழில். நல்லா இருக்கிற நாய்க்காக ஒருத்தனும் சாப்பிட மாட்டான். ருஃபோவுக்கு அழுதாத்தான் பசிக்குது. ஊர்ல முக்கால்வாசிப் பேர் ருஃபோ மாதிரிதான்.

அந்த வாரமே சுல்தான் காணாமப் போயிட்டான். கயித்தை அறுத்துக்கிட்டு மலைப்பக்கம் ஓடிட்டான்னு அவகிட்ட சொன்னேன். மூணு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே மலையெல்லாம் அலைஞ்சா. அதுக்கப்புறமும் என்னைப் பார்க்கிறப்பல்லாம் முதல் கேள்வி, "சுல்தான் எங்கயாச்சும் கண்ணுல பட்டானா?"ங்கிறதுதான். பாவம்.

ஜூன்ல பிந்தான்னு ஒரு நாய். அது தற்செயல், எழுதிக்குங்க. மத்தியானம் மூணு மணிக்குக் கடையைச் சாத்திட்டுத் தூங்கப் போறது என் வழக்கம். எங்க கடை ஷட்டர் பழைய காலத்து இரும்பு, சங்கிலியைப் பிடிச்சு இறக்கணும். வாசல் நிழல்ல தெருநாய்ங்க எப்பவும் படுத்திருக்கும். சங்கிலி கைநழுவிருச்சு. புள்ளி போட்ட ஒரு பொட்டை நாய்க்கு இடது பின்னங்கால்ல விழுந்துருச்சு. நானே தூக்கி மடியில வெச்சுக்கிட்டு கால்நடை டாக்டர் சொராய்தாகிட்ட ஓடினேன், சட்டையெல்லாம் ரத்தம். அந்த ஞாயிறு ரோட்டு வளைவு வரைக்கும் வரிசை நின்னுச்சு. ருஃபோ மூக்கைச் சிந்திக்கிட்டே நாலு தட்டு சாப்பிட்டான். வேலிக்கு வழி பிறந்துச்சு.

மத்த நாலையும் தற்செயல்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. வறுத்த கோழித்தோல் ஒரு துண்டு போதும். தின்னுட்டு உள்பக்கம் குளிர்ந்த தரையில, மின்விசிறியைப் பார்த்துத் தலை வெச்சுப் படுத்துரும். இடது பின்னங்கால் மட்டும் ஷட்டர் இறங்குற கோட்டுக்கு வெளிய நீளும். நல்லாத் தூங்குற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டா காரியம் கெட்டுரும். காந்தலுக்குச் சொன்னேனே, அதே பொறுமைதான்.

ஆறு வாரத்துல எலும்பு கூடிரும். அந்த அஞ்சுக்கும் வீடு கிடைச்சிருச்சு. குப்பையைக் கிளறிக்கிட்டுத் திரிஞ்சதுங்க இப்ப மெத்தையில தூங்குது. கொட்டகையில நாப்பதுக்குக் கிட்ட உசிரு பிழைச்சுக் கிடக்கு. ஒரு காலைக் குடுத்து ஒரு வீட்டை வாங்குறது நஷ்டமா? நீங்களே சொல்லுங்க.

ஊர்ல என்னைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டாங்க. நாய்ங்களுக்குக் காவலான புனித ரோக், அடிபட்டதையெல்லாம் எலிகியோ வாசலுக்குத்தான் அனுப்புறார்னு சாமியார் பிரசங்கத்துலயே சொன்னார். டாக்டர் சொராய்தா மட்டும் ஒரு தடவை, "அதென்னங்க, வர்றதெல்லாம் இடது பின்னங்காலாவே வருது?"ன்னு கேட்டாங்க. "நம்ம ரோட்டு வளைவும் இடது பக்கம்தானே டாக்டர்"னேன். சிரிச்சுட்டுக் கட்டுப் போட ஆரம்பிச்சாங்க.

நவம்பர் வந்துச்சு. கூரை மட்டும்தான் பாக்கி. நான் அடுத்த நாயைப் பார்த்து வெச்சிருந்தேன், காது தொங்குற சின்னக் குட்டி, படத்துக்கு அம்சமா இருந்திருக்கும். மிக்தாலியா குறுக்க வந்துட்டா. "இந்தத் தடவை அடிபட்ட நாய் வேண்டாம் தோன் எலிகியோ. குணமானதெல்லாம் வீட்டுக்காரங்களோட வரட்டும். சந்தோஷத்தைப் பார்த்தும் சனங்க குடுப்பாங்க, பாருங்க"ன்னா. வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தொழில் தெரிஞ்சவன் பேச்சை யார் கேட்கிறா.

ரோட்டுலயே மேசை போட்டோம். அஞ்சும் வந்துச்சு, ருஃபோவோட மோர்சீயாவையும் சேர்த்து ஆறு. சீவி முடிச்சு, நாடா கட்டி, ஒண்ணுக்குச் சட்டைகூடப் போட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் பம்முச்சுங்க, ஆனா யாரும் கவனிக்கல. விருந்து நாள்ல நாய் உள்ள இருக்கிறப்ப ஷட்டரைத் தொடக்கூடாதுன்னு நான் ஒரு கட்டுப்பாடு வெச்சிருந்தேன். ஒரு தடவைகூட மீறினதில்ல.

மூணரைக்கு மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு, நாயை இழுத்துக்கிட்டுக் கடைக்குள்ள ஓடி வந்தாங்க. சோத்துச் சட்டி வாசல் பக்கம் கரியடுப்புல இருந்துச்சு, காந்தல் பிடிக்கிற நேரம். சாரல் நேரா சட்டி மேல அடிக்குது. ஒரு கை தண்ணி உள்ள போனா அவ்வளவுதான், கஞ்சி. "யோவ், ஷட்டரை இறக்குய்யா, காந்தல் நமத்துப் போகப்போவுது"ன்னு ருஃபோ கத்தினான். முப்பத்தொரு வருஷப் பழக்கம், ஆபீசரம்மா. கை தானாப் போய் சங்கிலியை இழுத்துருச்சு.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாது. கடகடன்னு வந்து தரையில மோதும்.

பிந்தா மேசைத்துணியை இழுத்துக்கிட்டு அடியில போய் ஒடுங்கிச்சு. ஒண்ணு வீட்டுக்காரம்மா மடியிலயே மூத்திரம் விட்டுருச்சு. ஒண்ணு ஊளையிட ஆரம்பிச்சுது, நிறுத்தவே இல்ல. அஞ்சு நாயும் இடது பின்னங்காலை வயித்தோட தூக்கி ஒட்டிக்கிட்டு நடுங்கிச்சுங்க. எல்லாம் கூடிப்போன கால். லாரியில அடிபட்ட மோர்சீயா மட்டும் அது பாட்டுக்கு எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

டாக்டர் சொராய்தா கரண்டியைக் கீழ வெச்சாங்க. மிக்தாலியா நாயைப் பார்த்தா, ஷட்டரைப் பார்த்தா, அப்புறம் என் கையைப் பார்த்தா. ருஃபோ எந்திரிச்சான். அவன் மெதுவாப் பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

"எலிகியோ, அதைத் தூக்கு."

தூக்கினேன்.

"இப்ப இறக்கு."

இறக்கினேன். அதுங்க மறுபடியும் அதையேதான் செஞ்சுதுங்க. "போதும், நிறுத்துங்க"ன்னா மிக்தாலியா. நாய்ங்களுக்காகச் சொன்னா, எனக்காக இல்ல. சட்டியை யாரும் திறந்து பார்க்கல, காந்தல் தீஞ்சு கரியாப் போச்சு. எனக்கு மனசு கேட்கல.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். டிவியில என் மூஞ்சியைப் போட்டாங்க. சான் ஹுவான்லருந்து, ஃபுளோரிடாவுலருந்து, நாயை விட்டுட்டு ஓடினவங்க உட்பட எல்லாரும் அழுது அழுது அனுப்பினாங்க. கூரை வந்திருச்சு. நகராட்சி அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கிக்கிச்சு. என் சுவரொட்டியிலயே அதிகம் பேரை அழவெச்சது என் மூஞ்சிதான்னு சொல்லணும். இதுக்கு ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லல. நானும் எதிர்பார்க்கல.

நேத்து மிக்தாலியா இங்க வந்தா, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னா. ஏன் செஞ்சீங்கன்னு கேட்பான்னு நினைச்சேன். கேட்கல. "சுல்தான் நிஜமாவே மலைக்குத்தான் ஓடினானா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். கொட்டகை வாசல்ல இன்னும் அவன் கிண்ணம் இருக்காம். தினமும் தண்ணி மாத்தி வைக்கிறாளாம்.

அஞ்சுன்னுதானே எழுதியிருக்கீங்க? வாக்குமூலம்னா சுத்தமா இருக்கணும். பிந்தா தற்செயல்னு சொன்னதை அடிச்சிருங்க. முதல் நாய் அவ இல்ல. கடைக்குப் பின்னால சீமைப்பலா மரத்தடியில தோண்டிப் பாருங்க, மஞ்சள் முடி இருக்கும். அவன் மத்த நாய்ங்க மாதிரி தூங்கிக் கிடந்திருந்தா காலோட போயிருக்கும். நான் சங்கிலியைத் தொட்டதும் தன்னைத்தான் கூப்பிடுறேன்னு நினைச்சு, வாலை ஆட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டான். இடுப்புல விழுந்துருச்சு. அந்தக் கோலத்துல சுவரொட்டிக்கு ஆக மாட்டான், அதனால டாக்டர்கிட்ட கொண்டுபோகல. சாயங்காலம் வரைக்கும் உசிரு இருந்துச்சு. நான் பக்கத்துல போனப்பல்லாம் கையை நக்கினான்.

மிக்தாலியாகிட்ட மட்டும் இதைச் சொல்லிறாதீங்க, அவ தாங்க மாட்டா. அடுத்தவங்க கஷ்டப்படுறதைக் கண்ணால பார்க்கவே முடியாது எனக்கு, சின்ன வயசுலருந்தே நான் அப்படித்தான்.