நீந்திப் போனதைப் பார்த்தேன்

பைக் மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பிறகு அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பிளேக்கிங்கே கடற்கரையில் பெரிய பைக்கை யாரும் கொல்வதில்லை. அளப்போம், படம் எடுப்போம், கடலிலேயே விட்டுவிடுவோம். என் கணவர் எவால்ட் அதில் பேர்போனவர். நாற்பது வருடத்தில் ஒரு பைக்கைக்கூடக் கொன்றதில்லை என்பார். அந்த நாற்பது வருடமும் கேமரா பிடித்தவள் நான்.

நேற்று நீங்கள் என் சமையலறையில் காபி குடித்தபடி, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். உங்கள் போலீஸ் சீருடையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது ஒழுங்காக வரும்.

ஒரு பெண்மீனிலிருந்து தொடங்க வேண்டும். அதன் இடது கன்னத்தில் அரிவாள் போல ஒரு வெளிர்க்கோடு உண்டு. ஏழு வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் முட்டையிட எங்கள் விரிகுடாவின் ஆழமில்லாத பகுதிக்கு வரும். போன ஏப்ரலில் எவால்டின் தூண்டிலில் அது மாட்டியது. இறகும் நூலும் சுற்றி அவரே கட்டிய போலி இரை. நூற்று இருபத்தொரு சென்டிமீட்டர். பாறைமேல் ஏறி நின்று அதைத் தூக்கிப் பிடித்தார்.

"எடுத்தியா?"

"எடுத்தாச்சு. தண்ணியில விடு, எவால்ட்."

"இரு, தொப்பி கோணலா இருக்கு. இன்னொண்ணு எடு."

நான் மனதுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பது வரை வந்தது. மீன் தண்ணீருக்கு வெளியே இருப்பது முப்பதைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் விதி. அதை எழுதியவரும் எவால்ட்தான். மீன் கொஞ்சம் ஒருக்களித்தபடி, ஆனால் தானாகவே, நீந்திப் போனது.

சங்கத்தில் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். "மீன் சுமார்தான்டா, தொப்பிதான் அம்சமா விழுந்திருக்கு" என்றார் வால்டர். எவால்டும் சிரித்தார். படத்தைச் சட்டம் போட்டு வாசலருகே மாட்டினார்.

மூன்றாம் நாள் அதை நாணலுக்குள் கண்டேன். வயிறு மேலே இருந்தது, முட்டைகள் உள்ளேயே இருந்தன. வீட்டுக்கு வந்து சொன்னேன். எவால்ட் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நீந்திப் போச்சுல்ல? நீயேதானே பார்த்தே. அதுக்கப்புறம் நடக்கிறதுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா, கெர்த்?"

நியாயமான பேச்சு. குளிர்காலம் முழுக்க அதை யோசித்துப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை.

அந்த விரிகுடாவில் தண்ணீருக்குள் நடந்தே போகலாம், தரை கெட்டியானது. ஓரிடத்தில் மட்டும் படகுக்காக வெட்டிய கால்வாய் குறுக்கே போகிறது. அதன் விளிம்பில் ஒரு கம்பு நட்டிருக்கும். கம்புக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். இந்த ஜனவரியில் கடல் உறைந்தபோது பனிக்கட்டி அந்தக் கம்பைப் பிடுங்கி, கால்வாய்க்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நான் அதைத் தொடவில்லை. மார்ச்சில் படகைச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். எவால்ட் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போலக் கம்பை நோக்கி நடந்தார். நான் வழக்கம்போலக் கேமராவோடு படகில் இருந்தேன். திடீரென்று ஆள் காணாமல் போனார். மீன்பிடிக்க அவர் போடும், நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஆளைக் கீழே இழுக்கும். இருந்தும் மேலே வந்து, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் ஆறு டிகிரி இருக்கும்.

"கரைக்கு வலி, கெர்த். வலி."

பத்துத் துடுப்பு வலித்தால் கரை. நான் என் கைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். பிறகு அவருடைய விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மீன்வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றுவதும் அப்படித்தான், அவசரப்பட்டால் கிழிந்துவிடும். விறைத்திருந்த விரல்கள், அதிகம் எதிர்க்கவில்லை.

அவருடைய தொப்பி மிதந்து போய்க்கொண்டிருந்தது. தொப்பி விஷயத்தில் அவர் எவ்வளவு கண்டிப்பு என்று எனக்குத் தெரியும். அதை எடுக்கப் படகைத் திருப்பினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கடைசியாக அவர் சொன்னது: "தொப்பி கெடக்கட்டும், கெர்த்."

தொப்பியோடு திரும்பிப் பார்த்தபோது நாணலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்சம் ஒருக்களித்தபடி, ஆனால் தானாகவே. நான் வீட்டுக்கு வந்து காபி போட்டேன். பழக்கதோஷம், இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

மூன்றாம் நாள் உங்கள் ஆட்கள் அவரை நாணலுக்குள் கண்டதாகச் சொன்னீர்கள். அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். அவர் நீந்திப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.