கூப்பிட்டவன் யாரென்று கேட்காதவன்

— கேட்டுக்குங்க. இந்த ஊட்டுல இப்ப இருக்கறது மூணே பேரு. ஷேக் பரீத், நானு. அன்னூர் மில்காரர் நஞ்சுண்டன், நீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் எம் பொஞ்சாதி இஸ்மத். வேற ஆள் இல்லை. பரீத் பாய் எதையோ வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டாருன்னு நாளைக்கு எவனும் பேசப்படாது.

— நான் ஒண்ணும் கொண்டாரலீங்க பாய். வெறுங்கையோடதானுங்க வந்திருக்கறேன். உங்க அர்ஷத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்தேன்.

— நாப்பது நாள் கழிச்சு.

— முன்னாடியே வந்திருக்கோணுமுங்க. வர முடியலை.

— சாமிகிட்டப் போக மட்டும் முடிஞ்சிருக்குது. பழனிங்களா?

— எதுங்க?

— மொட்டையைத்தான் கேக்கறேன். மவன் பொழைச்சதுக்கு வேண்டுதலு. குத்தம் சொல்லலை, நாங்களும் நேந்துக்கறவங்கதான். ஆனா ஒரே கடல்ல ரெண்டு ஊட்டுப் பையன். உங்க ஊட்டுல முடி எறக்கிட்டீங்க. எங்க ஊட்டுல மண்ணு குடுக்க மய்யித்து கூட வரலை.

— என்னங்க, வந்தவரை மொதல்ல உக்காரச் சொல்லுங்க. அண்ணா, சொம்புல தண்ணி வெச்சிருக்கறேன், எடுத்துக்குங்க.

— இருக்கட்டுங்க அம்மணி. நான் நிக்கறேனுங்க.

— நிக்கட்டும் இஸ்மத். எனக்கு ஒண்ணுதான் புரியலை. அன்னூர்ல கொளத்துல தண்ணி நின்னாலே ஊரே போய்ப் பாக்கும். உங்க தீபக்குக்குக் கடல் எங்கிருந்துங்க வந்துச்சு?

— எனக்கே தெரியலீங்க. வால்பாறை பஸ்ல ஏத்துனா மூணாவது வளைவுலயே வாந்தி எடுக்கற பையன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன் பாய்மரப் படகு ஓட்டப் பழகிட்டு வந்தான். ஒத்தையாளா உலகத்தைச் சுத்தப் போறேன், ரெக்கார்டுன்னான். நானும் சேந்து ஆடுனேனுங்க. மில்லு கேட்டுல பேனரு வெச்சேன்.

— எம் மவன்கிட்டயும் சொன்னேன், பூட்டுக்கடையில வந்து உக்காருடான்னு. கப்பல் படிப்புத்தான் படிப்பேன்னான். ஆனா அவன் போனது சம்பளத்துக்கு. வெளையாட்டுக்கு இல்லை. அது இருக்கட்டும், புயல் வருது, கரையில நில்லுன்னு உங்க பையனுக்குச் சொன்னாங்களாமே?

— சொன்னாங்க. எனக்குப் போன் போட்டான். நாலு நாள் நின்னா ரெக்கார்டு போயிருமே அப்பான்னான். உனக்குத் தெரியாததா கண்ணு, கெளம்புன்னு சொல்லிப்போட்டேனுங்க.

— நீங்களா சொன்னீங்க?

— நாந்தானுங்க. எம்பட சம்சாரத்துக்கிட்டகூட இதை இன்னும் சொல்லலை.

— அந்த ஒத்தை வார்த்தையால புயல்ல மாட்டிக் காப்பாத்துன்னு கூப்பிட்டான். தன் பாட்டுக்குச் சக்கரை ஏத்திட்டுப் போன எம் மவன் கப்பலு நூத்தம்பது மைலு திரும்புச்சு. அதுல இருபத்திரண்டு பேரு. அவங்களுக்கெல்லாம் ஊடு வாசல் இல்லீங்களா? வயித்துப் பாட்டுக்கு மீன் புடிக்கப் போனவன் காப்பாத்துன்னு கூப்பிட்டா, ஓடு. பொழுது போகாத பணக்காரன் கூப்பிட்டா எம் மவன் எதுக்குங்க எறங்கோணும்? சின்னப் படகுல எறங்கறது யாருன்னு கேப்டன் கேட்டதுக்கு இவன் கையைத் தூக்கியிருக்கறான். உங்க பையனைத் தூக்கிக் கயித்து ஏணியில விட்டான். அவன் மேல ஏறிட்டான். அடுத்த அலையில சின்னப் படகு கப்பல்ல மோதி...

— என்னங்க, போதும். அதை மறுபடி சொல்லாதீங்க. அர்ஷத் அப்படியெல்லாம் கேக்கற பையன் இல்லீங்க. மொதல் கப்பல் ஏறுனப்பவே எங்கிட்டச் சொன்னான். கூப்பிட்டவன் யாருன்னு கடல்ல கேக்கப்படாதும்மா, எங்கன்னு மட்டுந்தான் கேக்கோணும்னு.

— இவ இப்படித்தானுங்க. ஒரு உசுரு பொழைச்சுது, ஒரு உசுரு பொழைச்சுதுன்னு தனக்குத்தானே சொல்லிக்குவா. அதைச் சொல்லித்தான் ரெண்டு வாய் சோறே எறங்குது. நான் இவ்வளவு வருசம் மானமா இருந்தவன். உங்ககிட்ட ஒத்தை ரூவா கேக்க மாட்டேன். ஆனா, பொழைச்சவன் நேர்ல வந்து இந்தக் கதவுக்கு முன்னால நிக்கோணும். அது எங்க ஊட்டுக்குக் குடுக்கற மரியாதை. அப்பனை அனுப்பறது மரியாதை இல்லை.

— நான் வந்தா ஆகாதுங்களா பாய்?

— ஆகாது.

— அண்ணா, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன். ஒரே ஒரு தடவை வரச் சொல்லுங்க. எம் பையன் கடைசியாப் புடிச்ச கை அது. அவனைத்தான் பாக்க முடியலை, அந்தக் கையையாவது கண்ணால பாத்துக்கறேன்.

— அம்மணி, இதை மட்டும் கேக்காதீங்க.

— ஏன் கேக்கப்படாது? எனக்குத் தெரியும் இஸ்மத். பெரிய கடை வீதி பூராவும் பேச்சு. பையன் கோவாவுல புதுப் படகு கட்டறானாம். மாசம் பொறந்தா மறுபடி கெளம்பறானாம். எழவு ஊட்டுப் படி ஏறுனா சகுனம் கெட்டுப்போகும்னு வர மாட்டேங்கறானாம். சரிதானுங்களே? தரையைப் பாக்காம எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— உங்ககிட்டச் சொல்லாமயே போயிரலாம்னுதானுங்க நின்னுட்டு இருந்தேன். படகு எதுவும் கட்டலைங்க. ஏணியில ஏறிக் கப்பல்ல விழுந்தவன்தானுங்க, அப்புறம் கண்ணே தொறக்கலை. முப்பது நாளு மொரீசியஸ் ஆஸ்பத்திரியில பக்கத்துலயே உக்காந்திருந்தேன். போன புதன்கிழமை அங்கயே கொள்ளி வெச்சுப்போட்டுத்தானுங்க வாரேன்.